டீக்கடையில் கேட்ட குரல்

தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகும் பல்லாவரத்து ஆட்கள் காலையில் டீக்கடையில் நின்று கேட்ட குரல் ஒன்று உண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. சாவகாசமாக விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கேலிக் கதையை வைப்பார். கடையே சிரிக்கும், அவர் குரல் மட்டும் சிரிக்காது.

வேளாண்மை படித்தவர். 1977இல் திருநெல்வேலி வானொலிக்கு வந்தார். பிறகு சென்னை நிலையம், 2002இல் ஓய்வு, சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்'. 2009இல் மறைந்தார்.

சினிமா காமெடி கறுப்பு நிறத்தையும் நம் தொழிலையும் வைத்து வயிறு வளர்த்த காலம் அது. இவரோ பெரும்பாலும் தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொண்டார். அதனால்தான் எங்கள் அப்பாக்கள் கூசாமல் சிரித்தார்கள். இதைச் சின்ன விஷயமென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. அயோத்திதாசர் இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியது 1907. சென்னையில் அகில இந்திய வானொலி வந்தது 1938. அச்சில் முந்திக்கொண்ட நமக்கு மைக் கிடைக்க ஏன் அவ்வளவு தாமதம்? தென்கச்சியின் கதைகளில் சாமியார் வந்தார், வாத்தியார் வந்தார், புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். தோல் ஊறவைக்கும் தொட்டியில் முழங்கால்வரை நின்றவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் டீக்கடையில்தான் நின்றிருந்தார், கிளாஸைக் கையில் பிடித்தபடி.