இரும்புக்கு வெட்டிய நீர்வழி

சுவீடனின் மேற்கே, நார்வே எல்லையை ஒட்டி டால்ஸ்லாந்து என்றொரு பகுதி உண்டு. எங்கு திரும்பினாலும் ஏரிதான். காட்டுக்குள் இருந்த இரும்பாலைகள், தங்கள் சரக்கை வேனர்ன் என்ற பெரிய ஏரிக்குக் கொண்டு சேர்க்கப் பெரும்பாடு பட்டன. நில்ஸ் எரிக்சன் என்ற பொறியாளர் வழி கண்டார். ஏரிகளைக் கால்வாய்களாலும் மதகுகளாலும் இணைத்தார். வேலை 1864-இல் தொடங்கி 1868-இல் முடிந்தது. சுமார் 250 கிலோமீட்டர் நீர்வழியில் மனிதர் வெட்டியது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஹோவெருட் என்ற ஊரில் அருவிக்கு மேலேயே இரும்புத் தொட்டிப் பாலம் அமைத்து, அதில் நீர் நிரப்பிப் படகுகளைக் கடத்தினார். அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது.

பிறகு ரயில் வந்தது. நீர்வழிச் சரக்கு குறைந்தது. இன்று கோடையில் அங்கே போகிறவர்கள் கனூ என்னும் சிறு துடுப்புப் படகில் விடுமுறை கழிக்க வருபவர்கள். மாலையில் கரையேறிக் கூடாரம் அடிப்பார்கள். அந்நாட்டில் பிறர் நிலத்திலும் வீடுகளுக்கு எட்டத்தில் ஓர் இரவு தங்கலாம், அனுமதி வேண்டாம். தொந்தரவு செய்யாதே, பாழாக்காதே என்பதே நிபந்தனை. வழிவழி வந்த இந்த வழக்கம் அரசியல் சாசனத்தில் ஏறியதே 1994-இல்தான். மனுவும் முத்திரையுமாகக் காலம் தள்ளிய இந்தக் குமாஸ்தாவுக்கு அது பெரிய வியப்பு.

ஆனால் படகுகள் பெருகியதும் கரைகள் தேய்ந்தன. இப்போது தங்குவதற்கென்று இடங்களும் மரச்சாய்ப்புகளும் அமைத்து, அவற்றைப் பராமரிக்கப் படகுக்காரர்களிடம் சிறு கட்டணம் வாங்குகிறார்கள். எழுதாத உரிமை நிலைக்க வேண்டுமானால், வருகிறவனுக்கு அடக்கம் வேண்டும்.