இலக்கும் காவியும்: புற்றுநோய் மருந்தியலிற் பல்பகுதிய நுண்துணிக்கைகள் - ஒரு வரலாற்று நோக்கு

புற்றுநோய்க்கான இரசாயனச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மருந்தைப் பல்பகுதியத்தில் ஏற்றிக் கட்டியை நோக்கி அனுப்பும் முயற்சியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஜேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் கற்பனை செய்த 'மந்திரத் தோட்டா'வில் அதனைத் தொடங்கி இன்றைய நனோ மருந்துகளில் முடிப்பது ஆசிரியர்களின் வழக்கம். ஆனால் இத்துறை தனக்கென அறிவித்துக்கொண்ட நோக்கம் ஒன்றாகவும், நோயாளி பெற்ற பயன் வேறொன்றாகவும் இருந்துள்ளமை ஈண்டு மனங்கொளத்தக்கது. இவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன என்பதே நமது வினா.

1942 இல் யேல் பல்கலைக்கழகத்தில், யுத்த நச்சுவாயு ஆராய்ச்சியின் கிளையாக, நைதரசன் கடுகு என்னும் சேர்வை நோயாளியொருவருக்கு முதன்முதலில் ஏற்றப்பட்டது. அன்று தொட்டு இரசாயனச் சிகிச்சையின் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. கலங்களைக் கொல்லும் மருந்து, நோயுற்ற கலம் எது, நலமான கலம் எது என்று அறியாது. பின்னர் பரவலாக வழங்கப்பட்ட டொக்சோரூபிசின் பல கட்டிகளுக்கு எதிராக ஆற்றல் மிக்கதாயினும், உடலிற் சேரும் மொத்த அளவு ஓர் எல்லையைக் கடக்கும்போது இதயத் தசையைச் சிதைத்துவிடுகிறது. சிறிய மூலக்கூறாதலால் அது குருதியிலிருந்து விரைவாக எல்லா இழையங்களுக்கும் பரவுகிறது.

இதற்கான விடையொன்றை 1975 இல் மைன்ஸ் நகர இரசாயனவியலாளர் ஹெல்முற் றிங்ஸ்டோர்ஃப் ஒரு மாதிரியாக வரைந்தார். நீரிற் கரையும் நீண்ட பல்பகுதியச் சங்கிலி ஒன்று. அதில் இணைப்புக்களால் தொங்கவிடப்பட்ட மருந்து. வழிகாட்டும் கூறு வேறு. இம்மாதிரிக்கு உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் அன்றைய செக்கோசிலோவாக்கியாவின் பிராக் நகரிலிருந்த பெருமூலக்கூற்று இரசாயன நிறுவகத்தினர். கொப்பெச்செக் முதலியோர் அங்கு ஆராய்ந்த பல்பகுதியம், குருதித் திரவவிழையத்துக்கு ஈடாகப் பயன்படுத்தவென உருவாக்கப்பட்டதாகும். குருதி இழப்புக்கு மருந்து தேடிய அரச ஆய்வுகூடத்தின் பண்டமே புற்றுநோய் மருந்தின் காவியாயிற்று. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றூத் டங்கனுடன் இணைந்து அவர்கள் டொக்சோரூபிசினை நான்கு அமினோவமிலங்கள் கொண்ட சிறு சங்கிலியால் அதனோடு பிணைத்தனர். இச்சங்கிலி குருதியில் அறுபடாது. கலத்தினுள் உள்ள நொதியமே அதனை வெட்டும்.

இச்சேர்மானத்தை மனிதரிற் பரிசோதித்த முதற்கட்ட முடிவுகள் 1999 இல் வெளிவந்தன. நோயாளிகள் 36 பேர். வழமையாக உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 60 முதல் 80 மில்லிகிராம் வரை தரப்படும் டொக்சோரூபிசினை, இவ்வடிவில் 320 மில்லிகிராம் வரை ஏற்ற முடிந்தது. மொத்த அளவு 1680 மில்லிகிராமை எட்டியபோதும் இதயச் செயலிழப்புக் காணப்படவில்லை. கட்டி சுருங்கியோர் சிலரே. ஆயினும் இதயம் காக்கப்பட்டது. என் கருத்தில், இத்துறையின் வரலாறு முழுவதற்கும் திறவுகோலாக அமைவது இச்சிறு ஆய்வே. அது சொன்னதைக் கேட்கும் நிலையில் அன்று பலர் இருக்கவில்லை. ஏனெனில் அதற்குள் வேறொரு கருத்து கோலோச்சத் தொடங்கியிருந்தது.

அக்கருத்துப் பிறந்தது யப்பானின் குமாமோட்டோவில். 1986 இல் மட்சுமுராவும் மயேடாவும் எலிகளின் குருதியிற் செலுத்திய சாயமொன்று, அல்புமின் புரதத்தோடு பிணைந்து, கட்டிகளில் மிகுதியாகத் திரள்வதை எடுத்துக்காட்டினர். கட்டியின் குருதிக் கலன்கள் செம்மையற்று ஒழுகுவன. நிணநீர் வடிகாலும் அங்கு குன்றியுள்ளது. ஆகவே பெரிய மூலக்கூறுகள் உட்புகுந்து தங்கிவிடுகின்றன என்பது அவர்தம் விளக்கம். எளிமையும் அழகும் வாய்ந்த விளக்கம். பொருத்தமான பருமனுடைய துணிக்கையைச் செய்தாற் போதும், கட்டி தானே அதனை ஈர்த்துக்கொள்ளும் என்று அது பின்வந்தோரால் வாசிக்கப்பட்டது. ஆயின் மயேடா குழுவினரின் பல்பகுதிய மருந்தான 'ஸ்மாங்ஸ்' 1993 இல் யப்பானில் ஈரற் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டபோது, அது அயடீன் ஏற்றிய கசகசா எண்ணெயிற் கலந்து ஈரல் நாடியினூடாகவே செலுத்தப்பட்டது. வழிகாட்டியது வைத்தியரின் குழாய்.

துணிக்கைகளை ஈரலும் மண்ணீரலும் விரைவில் விழுங்கிவிடும் தடையை, 1994 இல் றொபேட் லாங்கரின் குழுவினர் பொலியெதிலீன் கிளைக்கோல் போர்வையால் பெரிதும் குறைத்துக் காட்டினர். அதன்பின் இத்துறை பல்கலைக்கழகங்களிலிருந்து முதலீட்டுச் சந்தையை நோக்கி நகர்ந்தது. ஐயம் முதலீட்டாளரை ஈர்ப்பதில்லை. இலக்கைத் தானே தேடும் துணிக்கை ஈர்க்கும். லாங்கர் இணைந்து நிறுவிய 'பைண்ட்' நிறுவனம் 2016 இல் வங்குரோத்தாயிற்று. பிரான்சில் குவ்ரேர் 1979 இலிருந்து வளர்த்த சயனோஅக்கிரிலேற்றுத் துணிக்கைகள் டொக்சோரூபிசினைச் சுமந்து மூன்றாங்கட்டப் பரிசோதனை வரை சென்று, 2017 இல் ஈரற் புற்றுநோயாளரின் ஆயுளை நீடிக்கத் தவறின.

எலியை மனிதனாகக் கொண்டமை இங்கு முதற் காரணம். 20 கிராம் எலியில் 1 கிராம் கட்டி என்பது 60 கிலோகிராம் மனிதனில் 3 கிலோகிராம் கட்டிக்குச் சமம். சில வாரங்களில் வளர்ந்த அதன் கலன்கள் ஒழுகுவதில் வியப்பில்லை. 2016 இல் ரொறன்ரோவில் வொறன் சானின் குழுவினர், 2005 முதல் 2015 வரை வெளிவந்த 117 விலங்காய்வுகளைத் தொகுத்து, கட்டியை அடைந்தது ஏற்றிய அளவில் 0.7 சதவீதமே என்று இடைநிலைப் பெறுமானம் கண்டனர். துறையினர் பலர் சினந்தனர். தனி மருந்தில் எவ்வளவு கட்டியை அடைகிறது என்பதையும் கேட்கவேண்டும் என்ற அவர்களது மறுப்பில் நியாயமுண்டு. எனினும் அம்மறுப்பே இலக்கென்னும் கோட்பாட்டை ஓரளவு கைவிடுவதாகும்.

நின்று நிலைத்தவற்றையும் நோக்குக. தென்கொரியாவில் 2007 முதல் வழங்கப்பட்ட 'ஜெனெக்சோல்' பல்பகுதிய மைசெல், பக்லிடக்செல் மருந்தைக் கரைக்கப் பயன்பட்டு வந்த ஆமணக்கெண்ணெய் வழிக் கரைப்பானை நீக்கியது. கடும் ஒவ்வாமைக்குக் காரணமாயிருந்த பொருள் அது. மருந்தின் அளவைக் கூட்டவும் இதனால் முடிந்தது. பிராக்கின் பல்பகுதியம் இதயத்துக்குச் செய்ததும் இதே வகைப் பணியே.

கலன்களின் துவாரங்கள் பற்றிய விளக்கமும் 2020 இல் அசைந்தது. துவாரங்கள் மிக அரிதானவை என்றும், கட்டியுட் புகும் துணிக்கைகளில் 97 சதவீதம் வரை கலன்சுவர்க் கலங்களின் உயிர்ப்பான செயலாலேயே கடத்தப்படுகின்றன என்றும் அதே ரொறன்ரோக் குழு, அதே எலிகளிலிருந்து, அறிவித்தது.