தொடங்குதலின் சுமை: நரம்பியல் வேறுபாடுடையோரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும்

1998-ஆம் ஆண்டில், சிட்னி நகரில் சமூகவியல் பயின்ற ஜூடி சிங்கர் என்னும் அம்மையார், மனித மூளைகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல என்பதையும், ஆட்டிசம் முதலிய வேறுபாடுகளை நோயாக மட்டுமே நோக்குதல் போதாது என்பதையும் எடுத்துரைக்க, நாம் இன்று நரம்பியல் பன்மை என வழங்கும் கருத்துக்குரிய ஆங்கிலச் சொல்லைத் தம் ஆய்வேட்டில் கையாண்டார். அதே ஆண்டில் ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவ ஆசிரியர் இருவர், ‘அனாலிசிஸ்’ என்ற பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், மனம் என்பது மண்டையோட்டுக்குள் அடங்கிவிடும் ஒன்றன்று எனவும், ஒருவன் நாள்தோறும் நம்பிக் கையாளும் குறிப்புப் புத்தகமும் அவன் மனத்தின் ஓர் அங்கமாகக் கருதப்படுதற்கு உரியது எனவும் வாதித்தனர். மறதி நோயுற்ற ஓட்டோ என்னும் கற்பனை மனிதன், நியூயார்க்கின் கலைக்கூடம் ஒன்றுக்குச் செல்ல விரும்பித் தன் புத்தகத்தைப் புரட்டி, அது 53-ஆம் தெருவில் இருப்பதாகக் கண்டு நடக்கிறான். நல்ல நினைவாற்றல் உடையவள் அதே செய்தியைத் தன் தலைக்குள் தேடி எடுத்து நடக்கிறாள். இவ்விருவர் செயலிலும் தத்துவ நோக்கில் பேதமில்லை என்பது அவர்கள் கொள்கை.

இவ்விரு சிந்தனைகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான், நரம்பியல் வேறுபாடுடையோர்க்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யும் உபகாரம் எத்தகையது என்பது விளங்கும் எனக் கருதுகிறேன். இக்கருவிகளைப் பற்றிய பேச்செல்லாம் ‘உற்பத்தித் திறன்’ என்ற ஒரு சொல்லையே சுற்றி வருகிறது. அச்சொல் இங்கே பொருந்தாது. இவர்களுக்குக் கருவி தரும் பயன், செய்து முடித்த காரியங்களின் எண்ணிக்கையில் அன்று, காரியத்தைத் தொடங்குவதற்கு முன்னரே தீர்ந்துபோகும் சக்தியை மீட்டுத் தருவதில்தான் இருக்கிறது.

கவனக்குறைவு மிகையியக்கம் என்று மருத்துவர் கூறும் நிலையை எடுத்துக்கொள்வோம். 1902-இல் லண்டனிலுள்ள அரச மருத்துவர் கழகத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இதையொத்த நிலையுடைய குழந்தைகள், ஒழுக்கக் கட்டுப்பாடு குன்றியவர்களாக விவரிக்கப்பட்டனர். சோம்பேறி, பொறுப்பற்றவன் என்ற பழிச்சொற்கள் அன்றுமுதல் இன்றுவரை இவர்களை விட்டு நீங்கவில்லை. உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ வேறொரு விளக்கம் தந்தது. அவர் கருத்தின் சாரம் இது: இவர்களுக்குக் குறைவது அறிவன்று, அறிந்ததை உரிய இடத்தில், உரிய கணத்தில் செயலாக்கும் ஆற்றலே. ஆகவே தலைக்குள் நிற்காதவற்றைத் தலைக்கு வெளியே, செயல் நிகழும் இடத்திலேயே, கண்ணுக்குத் தெரியும்படி வைத்தல்தான் பரிகாரம். ‘வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்’ என்ற ஒரு வரி, பிறர்க்கு ஒரு காரியமாகத் தோன்றுகையில், இவர்க்கு முதலும் முடிவும் இல்லாத ஒரு சுவராகத் தோன்றுகிறது. படிவம் எங்கே, கடவுச்சொல் யாது, வங்கிக் கணக்கறிக்கையை முதலில் எடுப்பதா பிறகு எடுப்பதா என்ற கேள்விகள் ஒரே சமயத்தில் எழுந்து ஒன்றையொன்று மறித்து நிற்க, மாலை வந்துவிடுகிறது. அன்று அவர் எதையும் செய்யவில்லை என்பதும் உண்மை, நாள் முழுதும் உழைத்துக் களைத்தார் என்பதும் உண்மை.

பெல்ஜிய நாட்டு மென்பொருள் வல்லுநர் ஒருவர் ஆக்கிய கோப்ளின் டூல்ஸ் என்னும் கருவித்தொகுதி இவ்விடத்தில் நம் கவனத்துக்கு உரியது. அதில் ஒரு காரியத்தை எழுதினால், மொழி மாதிரி எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துத் தருகிறது. எவ்வளவு நுட்பமாகப் பிரிக்க வேண்டும் என்பதை மிளகாய்ச் சின்னங்களின் எண்ணிக்கையால் நாமே குறிக்கலாம். இச்சிறு ஏற்பாட்டில் பெரிய அறிவு ஒளிந்திருக்கிறது. நேற்று இரண்டே படிகளில் பாத்திரம் கழுவியவருக்கு இன்று எட்டுப் படிகள் தேவைப்படலாம் என்பதையும், அது வெட்கத்துக்குரியதன்று என்பதையும், அக்கருவி ஒரு வார்த்தை பேசாமலே ஒப்புக்கொள்கிறது. கட்டடம் எழுப்புவோர்க்குச் சாரம் எப்படியோ, அப்படியே இது. உயரத்துக்கு ஏற்பக் கட்டிக்கொள்ளலாம், வேலை முடிந்தால் அவிழ்த்துவிடலாம்.

புறக்கருவியை நம்பினால் அகத்திறன் தேயும் என்ற ஆட்சேபம் புதிதன்று; எழுத்துக்கலை நினைவைக் கெடுக்கும் என்ற வாதத்தைப் பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ உரையாடலிலேயே காணலாம். அதனினும் வலிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அது ஓட்டோவின் புத்தகத்திலிருந்தே எழுவது. அப்புத்தகம் அவன் மனத்தின் அங்கமாவதற்குக் காரணங்கள் உள: அது எப்போதும் அவன் கையில் இருந்தது, அதில் கண்டதை அவன் ஐயமின்றி ஏற்றான், ஏற்றமைக்கு நியாயமும் இருந்தது, ஏனெனில் அதிலுள்ளவற்றைத் தானே முன்பு சரியென்று கொண்டு எழுதி வைத்திருந்தான். மொழி மாதிரியோ நாம் எழுதாததையும் அறியாததையும் எழுதித் தருகிறது. பிழையையும் மெய்யையும் ஒரே சரளத்தோடு கூறுகிறது. எனவே ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அச்சரிபார்ப்புக்கு வேண்டிய நீடித்த கவனமும் பொறுமையும் எவரிடம் குறைவோ, அவரிடமே அந்த வேலை மீண்டும் வந்து சேர்கிறது. வாசிப்பதே சிரமமாக உள்ள டிஸ்லெக்சியா உடையவர் ஒருவர்க்கு, இயந்திரம் நொடியில் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இரண்டு பக்கச் சுமையே ஆகும்.

இதனால் கருவியைத் தள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. பிழை நேர்ந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் காரியங்களையும், தெரியாத காரியங்களையும் வேறு பிரித்தல் வேண்டும். தன் சமையலறையைச் சுத்தம் செய்யும் படிகளில் ஒன்று தவறாக இருப்பின், அவ்வறையின் சொந்தக்காரர் உடனே அறிவார். சட்டம், மருந்தின் அளவு, கணக்கு ஆகியவற்றில் அப்படி அறிய இயலாது. முன்னதில் கருவி ஓட்டோவின் புத்தகத்தை நெருங்குகிறது. பின்னதில் அறிமுகமில்லாத ஒருவர் கூறும் செய்தியாகவே நிற்கிறது.

உற்பத்தித் திறனை அளந்த ஆராய்ச்சிகளோ, காரியத்தைத் தொடங்குவதற்கு முன் நேரும் சுமையை நமக்குக் காட்டுவதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நோய், ஜாங் என்னும் இருவர், பட்டம் பெற்ற 453 பேரைக் கொண்டு நடத்தி 2023-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனையில், சாட்ஜிபிடியைக் கையாண்டோர்க்கு எழுத்து வேலையின் நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் உயர்ந்தது. மதிக்கத்தக்க முடிவுதான், ஆயினும் வேலை கையில் தரப்பட்ட பிறகே அங்கே கடிகாரம் ஓடத் தொடங்கியது. நாம் பேசும் மனிதருக்கோ, வேலையைக் கையில் எடுப்பதற்கு முன் கழிந்த மூன்று மணி நேரமே பிரச்சினை.

கடுமையான சொற்களைப் பணிவாக மாற்றித் தரும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உடைய பலர், தாம் நேராக எழுதிய மின்னஞ்சல் முரட்டுத்தனமாகக் கொள்ளப்படுமோ என்ற அச்சத்தால் ஒரு வாக்கியத்தைப் பத்து முறை திருத்துகின்றனர். அவ்வச்சத்தைக் கருவி தணிப்பது மெய்யான உபகாரம். எனினும், ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்னும் சமூகவியலாளர் 2012-இல் காட்டியபடி, புரிந்துகொள்ளாமை என்பது இருதரப்புக்கும் பொதுவானது. மொழிபெயர்க்கும் வேலை முழுவதையும் ஒரு தரப்பே செய்ய, மறுதரப்பு நேரான சொல்லைக் கேட்கப் பழகாமலே இருந்துவிடுமானால், கருவி அநீதியைச் சீராக ஓடச் செய்கிறதே தவிர நீக்குவதில்லை.

தமிழர்க்கு இதில் தனியொரு சிரமம் உண்டு. எழுதத் தயங்குவோர்க்குப் பேச்சை எழுத்தாக்கும் வசதி பெருவரம் என்பர். ஆனால் ‘வந்துட்டாங்க’ என்று வாய் சொல்ல, ‘வந்துவிட்டார்கள்’ என்று தாள் கேட்கும் மொழி நம்முடையது. லகர ளகர ழகரங்களிலும், ரகர றகரங்களிலும் தடுமாறி எழுத்தையே அஞ்சிய ஒரு மாணவர், பேச்சுவழியாகத் தப்பி வந்தாலும், வழக்கு மாற்றம் என்ற இரண்டாம் வாயிலில் நிறுத்தப்படுகிறார். பேச்சுத் தமிழை அதன் இயல்பிலேயே ஏற்று, கருத்துச் சிதையாமல் எழுத்துத் தமிழாக்கும் கருவியை ஆக்குதல், நம் கணினி அறிஞர்கள் முன்னுரிமை தந்து செய்ய வேண்டிய காரியம்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. கவனக்குறைவு மிகையியக்கம் அப்பட்டியலில் தனியே இடம் பெறவில்லை. இச்சட்டம் கூறும் நியாயமான வசதி என்பது, சூழலை மனிதருக்கு ஏற்பத் திருத்துவது. அமைதியான இருக்கை, எழுத்து மூலமான உத்தரவு ஆகியவற்றைக் கேட்போரிடம், ‘உங்களுக்குத்தான் கருவி இருக்கிறதே’ என்று சொல்லும் வழக்கம் உருவாகுமானால், சாரத்தைக் காட்டிக் கட்டடத்தையே மறுத்தது போலாகும்.

இன்னொன்றும் உண்டு. ஓட்டோவின் புத்தகம் அவன் சட்டைப்பையில் இருந்தது. இக்காலத்துப் புத்தகத்திலோ, ஒருவர் எதைத் தொடங்க அஞ்சினார், எந்த நாளில் பாத்திரம் கழுவவும் எட்டுப் படிகள் கேட்டார், எக்கடிதத்தைப் பத்து முறை திருத்தினார் என்பதெல்லாம் பதிவாகி, வேறொருவர் கணினியில் தங்குகிறது. அலுவலகமே அக்கருவியை அளிக்குமிடத்தில், அப்பக்கங்களைப் புரட்டும் உரிமை மேலதிகாரிக்கு இல்லை என்பது எழுத்து மூலம் உறுதி செய்யப்படாதவரை, தம் உண்மையான இடர்ப்பாட்டை அதில் எழுதும்படி எந்த ஊழியரையும் நாம் கேட்பதற்கில்லை.