ஒட்டுத்துணியும் ஒட்டுத்தோலும்

சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை அடுக்கிச் சொல்லும் இளங்கோவடிகள், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் அருகருகே நிறுத்துகிறார். நெருங்குதல், தைத்தல் என்னும் இரு பொருளும் 'துன்னுதல்' என்ற வினைக்கு உண்டு. அவர்களை அடுத்து, துணிக்கிழியாலும் நெட்டியாலும் பொருள் செய்வோர் வருகின்றனர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மாணவர்களுக்கு இப்பகுதியை விளக்க நீண்ட உரை தேவைப்படுவதில்லை. அந்தத் தொழில் அவர்கள் தெருவிலேயே இருக்கிறது.

துண்டுகளைச் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாகவும் விரிப்பாகவும் ஆக்கும் கலையைப் பற்றியே இங்கு எழுத முனைகிறேன். ஒட்டுப்போட்ட துணி என்றாலே நமக்கு வறுமைதான் நினைவுக்கு வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காண வந்த பொருநன், பிற நூலால் ஒட்டுப்போட்ட, வேர்வையில் நனைந்த, பேன் குடியிருந்த கந்தலை உடுத்தியிருந்தான். மன்னன் அதைக் களைந்து, பாம்பின் உரிபோன்ற மெல்லிய ஆடையை உடுத்துகிறான். கந்தல் நீங்குவதே அங்கு வாழ்வு மாறியதன் அடையாளம்.

'கந்தை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழிக் 'கந்தா'விலிருந்து வந்த சொல் இது. அதே சொல் வங்காளத்தில் 'காந்தா' என வழங்கி, பழஞ்சேலைகளை அடுக்கி நுண்தையலிட்ட போர்வையைக் குறிக்கிறது. அங்கே அது பெருமைக்குரிய கலை. இங்கே இழிவுச் சொல். தையல் ஒன்றாயினும் மதிப்பு வேறாயிற்று.

இந்த மதிப்பு இயற்கையானதன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. பௌத்தத் துறவியரின் ஆடை துண்டுகளை இணைத்தே தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் கட்டங்கட்டமாகப் பிரிந்து கிடந்ததைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, அவ்வமைப்பில் ஆடை தைக்க இயலுமா என வினவியதாக வினயபிடகத்தின் மகாவக்கம் கூறும். துண்டாக்கிய துணியை எவரும் கவர விரும்பார் என்பதும் அங்கே சொல்லப்படும் ஒரு காரணம். பொருநன் களைந்தெறிந்ததைத் துறவி விரும்பி அணிந்தார்.

நமக்கு அண்மையில், கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் 'கவந்த்' என்னும் ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். பழஞ்சேலையின்மேல் துண்டுகளை வைத்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே செல்வார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைப்பதற்குப் 'பூ' என்று பெயர். பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு நிர்வாணமானது.

தோலுக்கும் இந்த மரபு புதிதன்று. எகிப்தில் 1881இல் தேர் எல் பகாரியில் வெளிப்பட்ட பொருள்களில், இசெதெம்கெப் என்னும் அரசகுலப் பெண்ணின் இறுதிச்சடங்குக் கூடாரம் ஒன்று இருந்தது. சாயமேற்றிய சிறுமான் தோலை வெட்டித் தைத்தது அது. இளஞ்சிவப்பும் பச்சையும் மாறிவரும் சதுரங்கக் கட்டங்கள் அதன் பக்கங்களை அணிசெய்தன. அதன் வயது ஏறத்தாழ 3,000 ஆண்டுகள்.

இனி நம் பாலாற்றங்கரைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கே ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல், முழுத் தோலாகவே கப்பலேறியது. அதை வெட்டிச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கியவர்கள் அயல்நாட்டார். சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரைகளையொட்டி, பதனிடாத தோலின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அதன்பின் வெட்டும் வேலை பெருமளவில் இங்கே வந்தது. வெட்டும் வேலை வந்தால் துண்டும் இங்கேதான் விழும். குரோமியத்தால் பதனிட்ட துண்டு எளிதில் மட்காது. எரித்தாலோ நச்சு வடிவக் குரோமியம் உண்டாகக்கூடும். பாலாறு பட்ட கேடு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இலும் 2025 சனவரியிலும் தீர்ப்புரைத்ததை அன்பர்கள் அறிவார்கள்.

இப்பகுதியில் தோல் விற்பதே சதுர அடிக் கணக்கில்தான். ஆட்டின் உடல்வடிவில் கிடக்கும் தோலைச் சதுரத்தால் அளப்பவர்களுக்கு, சதுரத் துண்டுகளை இணைப்பது அயலான கலை ஆகாது. துணியில் செய்முறை எளிது. தையலுக்கு ஓரம் விட்டு ஒரே அளவில் வெட்டி, முதலில் வரிசைகளாகவும் பின்பு வரிசையோடு வரிசையாகவும் இணைக்க வேண்டும். சதுரம் எப்பக்கம் திருப்பினாலும் பொருந்தும், எச்சமும் குறையும். தோலுக்குச் சில வேறுபாடுகள் உண்டு. நூல் பிரியாது, ஆகையால் ஓரத்தை மடிக்க வேண்டியதில்லை. கனத்தைச் சீவினால் போதும். முதுகுத் தோல் உறுதியானது, வயிற்றுத் தோல் நெகிழ்வது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விரிப்பு கோணிவிடும். துணியில் பிரித்துத் தைத்தால் தடம் மறையும். தோலிலோ ஊசித் துளை என்றும் மறையாது.

மறையாத அந்தத் துளையை நாள்தோறும் இடுபவர்களுள் பலர் பெண்கள். ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, செருப்பின் 'அப்பர்' எனப்படும் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். சோடிக் கணக்கில் சிறு கூலி. பெயர்ப் பதிவோ ஓய்வூதியமோ பெரும்பாலும் இல்லை. எகிப்திய அரசியின் பெயர் தெரியும், தைத்தவர் பெயர் தெரியாது என்ற பழைய கதை இங்கே இன்னும் தொடர்கிறது.

துண்டுகளை விரிப்பாக்கினால் பாலாறு தூய்மையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்த விரல்களுக்குத் தெரிந்தது பிறர் வெட்டித்தந்த துண்டை இணைப்பது மட்டுமன்று, அது ஒரு கலை என்று ஏற்றால் கூலியைப் பற்றிய பேச்சும் மாறும். வங்காளத்தில் ஒரு சொல் பெற்ற பெருமையை இங்கே அதன் உடன்பிறப்பும் பெறலாம். இளங்கோவடிகள் தம் நகரின் பெருமையை எண்ணும்போது தைப்பவர்களை விட்டுவிடவில்லை. நாமும் விட்டுவிடலாகாது.