சொந்த மொழிக்கு ஓர் அரங்கு: சுவீடன் நாடக வரலாற்றில் ஓர் ஏடு

ஒரு மொழி வீட்டிலும் வீதியிலும் வழங்கிவரலாம், ஏடுகளில் எழுதப்படலாம். ஆயினும், அறிஞரும் ஆள்வோரும் கூடிய அவையில் நாடகமாக ஒலிக்கும்போதே அதன் மதிப்பு ஊரறிய நிலைபெறுகின்றது. இவ்வுண்மைக்குச் சுவீடன் நாட்டின் தொடக்ககால நாடக வரலாறு தக்க சான்றாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் அரசவை பிறநாட்டுக் கலைஞர்களையே பெரிதும் போற்றியது. அந்நாளில் தாய்மொழி நாடகத்திற்கு உயிரூட்டியோர் மாணவர்களே. உப்சாலாப் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1686ஆம் ஆண்டில் குழுவாக இணைந்து, தலைநகர் ஸ்டாக்ஹோமில் சுவீடிய நாடகங்களை நடித்தனர். அவர்கள் நடித்த இடம், முன்னர் அரச சிங்கத்தை அடைத்துவைத்திருந்த கட்டடம்! சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது. எனினும் விதை விழுந்துவிட்டது.

அடுத்த கட்டம் 'போல்ஹூசெட்' என்னும் அரங்கில் தொடங்கியது. 'பந்தாட்ட இல்லம்' என்பது இப்பெயரின் பொருள். 1627இல் விளையாட்டுக்கென எழுப்பப்பட்ட இக்கட்டடம் பின்னர் நாடகசாலையாயிற்று. 1699இல் வந்த பிரெஞ்சுக் குழுவினர் இங்கு நடித்தனர். 1737இல்தான் தொழில்முறை நடிகர்கள் இங்கே சுவீடிய மொழியில் பேசி நடிக்கலாயினர். கார்ல் யில்லென்போரி எழுதிய இன்பியல் நாடகம் அவ்வாண்டில் மேடையேறியது. பிரெஞ்சு நாகரிக மோகங்கொண்ட சுவீடிய இளைஞனை அது எள்ளி நகையாடியது. தாய்மொழி அரங்கின் முதற்குரலே அயல்மோகத்தைச் சாடியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிரெஞ்சுக் கலையில் பற்றுமிக்க அரசி லொவீசா உல்ரீக்கா காலத்தில், 1753இல், அரங்கம் பிரெஞ்சுக் குழுவின் கைக்குச் சென்றது. சுவீடிய நடிகர்கள் இடமிழந்தனர். ஆனால் தொழிலைக் கைவிட்டாரல்லர். பெட்டர் ஸ்டென்போரி என்பார் தம் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று நடித்தார். அரண்மனை கைவிட்ட மொழியை நாடோடி நடிகர்கள் காத்தனர்.

1771இல் அரியணை ஏறிய மூன்றாம் குஸ்தாவ் மன்னர், அரசியின் மைந்தரேயாயினும், பிரெஞ்சுக் குழுவை விடுவித்தார். இசையின் துணையிருப்பின் தாய்மொழி அவையோர் உள்ளத்தை எளிதில் கவரும் எனக் கருதினார். 1773 சனவரி 18ஆம் நாள், அதே பந்தாட்ட இல்லத்தில், 'தேத்திசும் பெலேயும்' என்னும் இசைநாடகம் சுவீடிய மொழியில் அரங்கேறியது. அதில் தலைவனாகப் பாடியவர் யார்? நாடோடிக் குழுத் தலைவர் ஸ்டென்போரியின் மகன் கார்ல்! தந்தை இழந்த அரங்கில் மைந்தன் குரல் முழங்கியது.

1788இல் பேச்சு நாடகத்திற்கெனத் தனி அரச நிறுவனம் அமைந்தது. 1793இல் அப்பழங்கட்டடம் இடிக்கப்பட்டது. நிறுவனமோ இன்றும் ஸ்டாக்ஹோமில் நிலைத்துள்ளது.

மன்னர் அளித்த மேடை பெரிதே. எனினும், அம்மேடை கிட்டும்வரை மொழியை உறங்கவிடாது காத்த மாணவரும் எளிய நடிகரும் அதனினும் பெரியர். மொழிப்பணி ஆற்றுவோர் உளங்கொள்ள வேண்டிய பாடம் இதுவேயாம்.