உண்டியலும் துண்டும்: கடல்கடந்த பணமாற்றத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இணையவழி வங்கிச்சேவை மூலம் முதன்முறையாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகின்ற ஒருவர், தாம் முற்றிலும் புதியதொரு யுகத்துள் காலடி வைத்ததாகவே உணர்கின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக் கல்லூரியொன்றுக்குப் பிள்ளையின் கட்டணத்தைச் செலுத்தும் பெற்றோராயினும், இலண்டனிலிருந்து வன்னியிலுள்ள தாய்க்கு அனுப்பும் மகளாயினும், திரையில் சில எண்களைத் தட்டியதும் காசு கடலைக் கடந்துவிடுவது வியப்புக்குரியதாகவே தோன்றும். வங்கிகளின் விளம்பரங்களும் இவ்வியப்பையே வளர்க்கின்றன. வேகம், எல்லையின்மை, இடைத்தரகரின்மை என்பன இப்புதுமையின் இலக்கணங்களாகக் கூறப்படுகின்றன. காசு நகராமலே கடல் கடப்பது புதிதன்று, வேகமும் புதிதன்று. உண்மையில் புதியது எது, அதன் சுமை யாருடைய தோளில் ஏற்றப்பட்டது என்பதே கேட்கப்படவேண்டிய வினா என நாம் கருதுகின்றோம்.

உண்டியல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கோயிலிற் காணிக்கையிடும் பெட்டி ஒன்று. வணிகர் எழுதிக்கொடுக்கும் பணமாற்றுச் சீட்டு மற்றையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்புச் செட்டியார் தெருவிலே கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார், இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளையும் தென்னிந்தியாவையும் இணைத்த கொடுக்கல் வாங்கல் வலையொன்றைப் பின்னியிருந்தனர். கொழும்பிற் பணத்தைக் கட்டியவர் பெற்ற சீட்டு, தமிழகத்திலுள்ள தொடர்புக் கடையிற் பணமாயிற்று. நாணயம் எதுவும் தோணியில் ஏறவில்லை. இரு கடைகளின் பேரேடுகளில் இரு வரிகள் எழுதப்பட்டன, அவ்வளவே. மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் பணத்தைச் சுற்றோட்டச் சாதனமாகவும் கொடுப்பனவுச் சாதனமாகவும் வேறுபடுத்திக் காட்டுவார். உண்டியலில் நாம் காண்பது இவ்விரண்டாவது செயற்பாட்டையே. இன்றைய மின்னணுப் பணமாற்றமும் அடிப்படையில் இதுவேயாம்.

அச்சீட்டினைக் காசாக்கியது எது? கடையின் விலாசம் என்பர். செட்டிமாரிடையே விலாசம் என்பது முகவரியன்று. தந்தை, பாட்டன், பங்காளி ஆகியோரின் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த நிறுவனப் பெயராகும். நான்கைந்து எழுத்துக்களைக் கண்டவுடனே அக்குடும்பத்தின் நாணயமும் கையிருப்பும் இன்னவையென மறுகரையிலுள்ளவர் அறிந்துகொள்வர். நம்பிக்கை எனப் பொதுப்படப் பேசப்படுவது, இங்கே சாதியாலும் உறவாலும் வேலியிடப்பட்ட, வர்க்க நலன் சார்ந்த நம்பிக்கையாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது. உண்டியல் முறையை இழந்துபோன பொற்காலமாகச் சித்திரிப்போர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

அதே காலத்தில் அதே கடலைக் கடந்து வந்த இன்னொரு தாளும் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கட்டி வந்த கங்காணி, ஊரிலேயே முற்பணம் கொடுத்துத் தொழிலாளியைக் கடனாளியாக்கினான். அக்கடன் தோட்டத்திலே வளர்ந்தது. தொழிலாளர் கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்லவேண்டின், அவர்களின் கடன்தொகையைக் குறித்த தாள் ஒன்று வழங்கப்பட்டது. அதுவே துண்டு. புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொண்டார். வணிகனின் தாளில் அவன் பெறவேண்டிய தொகை பயணம் செய்தது. தொழிலாளியின் தாளிலோ அவன் இறுக்கவேண்டிய தொகை அவனுடைய உடலோடு சேர்ந்து பயணம் செய்தது. துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்விரு தாள்களையும் ஒருங்குவைத்து நோக்காத பொருளியல் வரலாறு அரைகுறையானதே. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களிலே கங்காணியும் கடனும் திரும்பத் திரும்ப வருவது தற்செயலன்று.

ஐரோப்பிய வங்கிகள் இக்காலத்திற் சாதாரண மக்களுக்குத் திறந்திருக்கவில்லை. தோட்டச் சொந்தக்காரருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குமே அவை சேவை செய்தன. செட்டிமாருக்கும் கடன் வழங்கின. கோப்பியின் வீழ்ச்சியோடு 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது அதன் தாள்களுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. தந்தி வழியே பணம் அனுப்பும் சேவையை அமெரிக்காவில் வெஸ்டேர்ண் யூனியன் 1871 இலேயே தொடங்கிவிட்டது. ஆகவே, கடிதம் போய்ச் சேருமுன் பணம் போய்ச் சேரும் வேகம் ஒன்றரை நூற்றாண்டுப் பழமையுடையது.

சாமானியருக்குக் கிடைத்த வசதி தபாலகத்தின் காசுக்கட்டளையே. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் உருவாக்கத்தில் இது வகித்த பங்கு பெரிது. தென்னிலங்கையில் எழுதுவினைஞராகவும், மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரச சேவையிலும் உத்தியோகத்தராகவும் பணியாற்றியோர் அனுப்பிய பணத்தில் குடாநாட்டிலே கல்வீடுகள் எழுந்தன, சீதனங்கள் உயர்ந்தன, கல்லூரிகளும் கோயில்களும் வளர்ந்தன. மணியோடர்ப் பொருளாதாரம் என்னும் தொடர் இதனாலேயே வழக்கிற்கு வந்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும் மலாயாவிலிருந்து வந்த வரவு நின்றுபோயிற்று. உள்ளூர் உற்பத்தியிற் காலூன்றாத ஒரு வர்க்கத்தின் வாழ்வு எத்துணை மெல்லிய இழையிலே தொங்கியது என்பதை அவ்வாண்டுகள் காட்டின. அதிலிருந்து அவ்வர்க்கம் பாடம் கற்றதா என்பது வேறு விடயம்.

ஆனால் எவருடைய பணமாற்றம் பெருமைக்குரியது, எவருடையது குற்றத்துக்குரியது என்ற வேறுபாடு இக்காலத்திலேயே கூர்மையடைந்தது. மலாயாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த காசுக்கட்டளை முன்னேற்றத்தின் சின்னம். தோட்டத் தொழிலாளியோ கொழும்பு நகரத்து மலையாளத் தொழிலாளியோ இந்தியாவிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பிய சிறுதொகை, 1930களின் அரசியல் மேடைகளிலே நாட்டின் செல்வத்தை வழித்தோடச் செய்வதாகக் கண்டிக்கப்பட்டது. தோட்டக் கம்பனிகளின் இலாபம் இலண்டன் பங்குதாரருக்குச் சென்றது குறித்து அதேயளவு கூச்சல் எழவில்லை. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோரிடம் நிரந்தரக் குடியிருப்பு எண்ணம் நிறுவப்பட வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, ஊருக்குப் பணம் அனுப்பியமையும் எதிர்ச்சான்றாக வாதிக்கப்பட்டது. தாய்க்கு அனுப்பிய காசு பிரஜாவுரிமைக்கு இடையூறாக முடியலாம் என்ற நிலை உலக வரலாற்றில் அரிதாகவே காணப்படுவது.

யுத்தகால ஒழுங்குவிதிகளின் தொடர்ச்சியாக 1953 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் பெற்றுக்கொண்டது. இணையத் திரையில் 'நோக்கம் யாது' என்று கேட்கப்படும் பெட்டியை முதன்முறை எதிர்கொள்வோர் அதனை வெறும் சம்பிரதாயமாகக் கொள்வர். உண்மையில் அச்சட்டங்களின் நீண்ட நிழலே அப்பெட்டிக்குள் ஒடுங்கி நிற்கின்றது. கல்விக் கட்டணமெனின் அனுமதிக் கடிதம் வேண்டும், கட்டணப் பட்டியல் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாட்டிலிருந்து வெளிச்செல்லும் மூலதனக் கொடுப்பனவுகள் மீது விசேட கட்டளைகள் விதிக்கப்பட்டபொழுது, பொத்தானை அழுத்தும் விரலின் வேகம் எவருக்கும் உதவவில்லை.

திரைக்குப் பின்னால் நடப்பதென்ன? 1973 இல் பிரசெல்சில் நிறுவப்பெற்று 1977 முதல் இயங்கிவரும் சுவிப்ட் அமைப்பு பணத்தை எடுத்துச்செல்வதில்லை, செய்தியையே எடுத்துச்செல்கின்றது. அனுப்பும் வங்கி மறுநாட்டு வங்கியொன்றில் கணக்கு வைத்திருக்கும். அக்கணக்கிற் கழித்து, பெறுநர் கணக்கிற் கூட்டுமாறு செய்தி பணிக்கும். நேரடி உறவில்லாதவிடத்து இடையில் வேறொரு வங்கி நுழையும். அது தன் பங்கை அறவிட்டுக்கொள்ளும். அனுப்பிய தொகையும் கிடைத்த தொகையும் ஒவ்வாதிருப்பதைக் கண்டு முதன்முறை அனுப்புவோர் திகைப்பது இதனாலேயே. கட்டணம் வெளிப்படையாகத் தெரியும். மாற்றுவிகிதத்துள் மறைந்திருக்கும் இலாபம் தெரியாது. உலக வங்கியின் கணிப்பின்படி 200 டொலர் அனுப்புவதற்கு உலக சராசரியாக 6 வீதத்துக்கு மேற் செலவாகின்றது. வழிகளுள் வங்கியே கூடிய செலவுடையது. 2030 இல் இதனை 3 வீதத்துக்குக் கீழாகக் குறைப்பதென ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்துள்ளது. இடைத்தரகர் ஒழிந்தார் என்பது, ஆகவே, பொய்யான கூற்று. அவர் கண்ணுக்குத் தெரியாதவராகினார்.

ஒழிந்தவர் வேறொருவர். தபாலகத்துக் கருமபீடத்தில் படிவத்தை வாங்கிப் பார்த்து, பிழையைத் திருத்தி, முத்திரை குத்திய எழுதுவினைஞரே அவர். அவருடைய உழைப்பு இப்பொழுது அனுப்புநருக்கு ஊதியமின்றி மாற்றப்பட்டிருக்கின்றது. எட்டு அல்லது பதினொரு குறியீடுகள் கொண்ட வங்கி அடையாளத்தையும், ஐரோப்பிய நாடுகளெனின் முப்பத்துநான்கு குறியீடுகள் வரை நீளக்கூடிய கணக்கிலக்கத்தையும் அவரே தட்டவேண்டும். பிழைக்கும் அவரே பொறுப்பு. பணம் திரும்பி வரும், ஆயின் குறைந்து வரும்.

இங்கு தமிழர்க்குத் தனியானதோர் இடர்ப்பாடும் உண்டு. அதனை மொழி மாணவர் என்ற முறையில் நாம் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம். படிவம் முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் கேட்கின்றது. நம்மிடம் இருப்பதோ தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தன்பெயருமே. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாக முன்னே நிற்கும். வங்கிப் புத்தகத்தில் ஓரெழுத்தாகச் சுருங்கும். சுவிப்ட் செய்தியோ உரோம எழுத்துக்களை மட்டுமே ஏற்கும். 'ழ'கரமும் 'ற'கரமும் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கணக்கில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று பணம் தடைப்படும். செட்டியார் தெருவிலே நம்பிக்கையின் முத்திரையாயிருந்த தலைப்பெழுத்துக்கள் ஐயத்துக்குரிய குறைபாடாக மாறியது இவ்வாறே. பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால் 2016 பெப்ரவரியில் அனுப்பப்பட்ட போலிச் செய்திகளுள் இலங்கைக்கு வந்த 2 கோடி டொலர் மீட்கப்பட்டதும், பெறுநர் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை ஒரு மனிதக் கண் ஐயுற்றதன் பின்னரேயாம். அதே திருட்டில் பிலிப்பைன்சுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிழையற்ற எழுத்துக்களோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

1983 இன் பின் புலம்பெயர்ந்தோர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேற, உண்டியல் மீண்டும் உயிர்பெற்றது. யுத்தப் பிரதேசங்களில் வங்கி எட்டாத வீடுகளின் படலைக்கே அது காசைக் கொண்டுவந்து சேர்த்தது. இம்முறை அதற்கு விலாசம் தேவைப்படவில்லை. ஊர்ப்பெயரும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதுமாயிருந்தன. மத்திய கிழக்கிலே வீட்டுப்பணிப்பெண்களாக உழைப்போருட் பலர் வேறு காரணத்தால் இதனை நாடினர். 2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரின் உத்தியோகபூர்வ விலை ஏறத்தாழ 203 ரூபாவுக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. வெளியே அது அதனினும் மிக உயர்ந்திருந்தது. டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை தருவதாக 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டதும் பயன்தரவில்லை. 2020 இல் ஏறத்தாழ 710 கோடி டொலராயிருந்த தொழிலாளர் அனுப்புகை 2021 இல் 550 கோடியாகவும், 2022 இல் 380 கோடியாகவும் வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்கு உண்டியல்காரரின் சூழ்ச்சியே காரணம் என்று கூறப்பட்டது. வங்கிவழி அனுப்புவோர் ஒவ்வொரு டொலரிலும் எத்தனை ரூபாவை இழந்தனர் என்ற கணக்கு பின்தள்ளப்பட்டது. 2022 மார்ச் 7 இல் மாற்றுவிகிதம் தளர்த்தப்பட்டது. வங்கிவழி வரவு 2023 இல் ஏறத்தாழ 597 கோடி டொலராகவும், 2024 இல் 657 கோடி டொலராகவும் மீண்டது.