கோழித் தீவனப் புரதமும் அண்மை அகச்சிவப்புப் படக்கருவியும்: பல்லடத்தை முன்வைத்து

பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழித் தொழில் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பாக நடக்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையவை. ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் செலவானது என்பதைப் பொறுத்து வளர்ப்புக் கூலி கூடும், குறையும். எனவே தீவனத்தில் புரதம் குறைந்தால் அந்த இழப்பில் ஒரு பங்கு பண்ணையாளர் தலையிலும் விழுகிறது. புரதத்தை எப்படி அளக்கிறோம் என்பது ஆய்வகத்துக்கு உள்ளே முடிந்துவிடும் கேள்வி அன்று.

1883இல் டென்மார்க்கின் யோகான் கெல்டால் வகுத்த முறையே இன்றும் அடிப்படை. மாதிரியைக் கந்தக அமிலத்தில் செரிக்க வைத்து, நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்குகிறோம். அந்த நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா என்பதை இம்முறை கேட்பதில்லை. யூரியாவின் எடையில் சுமார் 46 விழுக்காடு நைட்ரஜன்; சோயாப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஒரு பங்கு யூரியா கலந்தாலே கணக்கில் புரதம் ஏறத்தாழ 2.5 புள்ளி உயர்ந்துவிடும். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இதே ஓட்டையைத்தான்.

1960களில் அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நாரிஸ் வளர்த்தெடுத்த அண்மை அகச்சிவப்பு முறை நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சும் பாங்கைப் பார்க்கிறது. அமிலம் வேண்டாம், ஒரு நிமிட அளவில் விடை கிடைக்கும். வழக்கமான கருவி மாதிரி முழுவதற்கும் ஒரே சராசரியைத் தருகிறது. படக்கருவியோ ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலை தருவதால், புண்ணாக்குத் துகள்களுக்கு இடையே கிடக்கும் யூரியாத் துகள் தனியே தெரியும். கலப்படத்தைக் கண்டறிவதில் இதன் வலிமை இங்கேதான்.

வரம்பும் உண்டு. பரவலாகக் கிடைக்கும் படக்கருவிகள் 900 முதல் 1700 நானோமீட்டர் வரையே காண்கின்றன. புரதத்தின் வலுவான பட்டைகள் 2050, 2180 நானோமீட்டரை ஒட்டி அதற்கு அப்பால் உள்ளன. 1450 நானோமீட்டரை ஒட்டிய நீரின் உறிஞ்சல், இவ்வெல்லைக்குள் இருக்கும் மெலிந்த புரதச் சாயலையும் மறைக்கக்கூடும். ஆகவே எந்த எண்ணும் கெல்டால் முறையில் சோதித்த மாதிரிகளோடு ஒப்பிட்டு அளவுத்திருத்தம் செய்த பிறகே பொருள் பெறும். அயல்நாட்டு மாதிரிகளைக் கொண்டு அமைத்த திருத்தம் நம் மக்காச்சோளத்துக்கும் புண்ணாக்குக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

எனவே நம் மாதிரிகளைக் கொண்ட பொது அளவுத்திருத்தத் தொகுப்பு வேண்டும். நிறுவனங்கள் தத்தம் திருத்தங்களை வைத்திருக்கையில் அது எதற்கு என்று கேட்கலாம். தீவனம் தருபவரிடமே அதை அளக்கும் எண்ணும் இருக்கிறது. உண்ணும் கோழிக்குப் பொறுப்பேற்றவரிடம் எதுவும் இல்லை என்பதே விடை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இயங்குகிறது. கொங்கு வட்டார மாதிரிகளைப் பருவந்தோறும் கெல்டால், அகச்சிவப்பு ஆகிய இரு முறைகளிலும் சோதித்து, அளவுத்திருத்தத் தொகுப்பைப் பொதுவில் வைக்க அத்தகைய அரசு ஆய்வகமே தகுந்த இடம். கருவி வாங்கும் செலவோடு, அமில முறையில் தேர்ந்த பகுப்பாய்வாளர்களைத் தக்கவைக்கும் செலவையும் திட்டம் ஏற்க வேண்டும். விரைவான கருவியின் நம்பகத்தன்மை அவர்களுடைய நிதானமான வேலையையே சார்ந்திருக்கிறது.